ஓஸ்லோ நகரத்து ஈரல் எண்ணெய்

செப்டம்பர் மாதம் பிறந்ததும் ஓஸ்லோ நகரத்து வீடுகளில், காலை உணவுக்கு முன்னர் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய் ஊட்டும் வழக்கம் தொடங்கும். ஏப்ரல் முடிந்ததும் நிற்கும். மாதத்தின் பெயரில் ரகர ஒலி இருந்தால் எண்ணெய் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது அந்நாட்டில் வழங்கிவரும் கணக்கு. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்னும் நான்கு கோடை மாதங்களின் நார்வே மொழிப் பெயர்களில் மட்டுமே அவ்வொலி கிடையாது. பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 60 பாகை வடக்கே, குளிர்கால நண்பகலிலும் சூரியன் தொடுவானத்தை விட்டு அதிகம் எழும்பாத ஒரு தலைநகரத்துக்கு இந்தக் கணக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை வைட்டமின் சாஸ்திரம் பின்னாளில் விளக்கிற்று. ஆனால் எண்ணெய் குடிக்கும் வழக்கமோ அந்தச் சாஸ்திரத்துக்கு மூத்தது. வாத நோய்க்கும் க்ஷயத்துக்கும் மருந்தென்று ஒரு தலைமுறை அதைக் குடித்தது. எலும்பு வளைந்த குழந்தைகளுக்கென்று அடுத்த தலைமுறை குடித்தது. இருதயத்துக்கென்று அதற்கடுத்தது குடித்தது. இன்றோ, இரத்தத்தில் உலவும் எண்டோகன்னாபினாய்டுகள் என்னும் நுண்ணிய கொழுப்புப் பொருள்களின் அளவை அது மாற்றுமா என்று ஆராய்ச்சிக்கூடங்கள் வினவுகின்றன. எண்ணெய் ஒன்றுதான், அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களே மாறிவந்தன. அந்தக் காரணங்கள் மாறிய விருத்தாந்தத்தை ஒழுங்காகப் பார்த்தால், கொழுப்பு என்னும் பதார்த்தத்தைப் பற்றி மனிதன் கொண்டிருந்த எண்ணம் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

நார்வேயின் வடபகுதியில் லொஃபோடன் தீவுகளைச் சுற்றியுள்ள கடலுக்கு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முட்டையிடுவதற்காகக் காட் மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேரும். மீனைக் காயவைத்துக் கருவாடாக்கி ஐரோப்பா எங்கும் விற்பது பல நூற்றாண்டுத் தொழில். ஈரலோ அத்தொழிலின் துணைப்பொருள். அதைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்துவிடுவார்கள். ஈரல் அழுக அழுக எண்ணெய் தானாகவே மேலே மிதக்கும். முதலில் வடிவது வெளிறிய நிறம், அடுத்தது பழுப்பு, எஞ்சிய சக்கையை இரும்புக் கொப்பரையில் இட்டுக் காய்ச்சினால் வருவது கருநிறம். தோல் பதனிடவும் விளக்கெரிக்கவும் இந்த எண்ணெய் பெர்கன் துறைமுகத்திலிருந்து பெருவாரியாக ஏற்றுமதியாயிற்று. அழுகல் நாற்றம் பொருந்திய இந்தத் திரவத்தை மருந்தாக விழுங்கியவர்கள் எவ்வளவு துன்பப்பட்டு விழுங்கியிருக்க வேண்டும்! ஆயினும் விழுங்கினார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் மருத்துவமனையில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நாட்பட்ட வாத நோயாளிகளுக்கு இது கொடுக்கப்பட்டது. தாமஸ் பெர்சிவல் என்னும் வைத்தியர் அதைப் பற்றி எழுதியும் வைத்தார். 1841இல் எடின்பரோவின் ஜான் ஹியூஸ் பென்னட், ஜெர்மானிய வைத்தியர்களிடம் கண்டறிந்தவற்றைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்ட பின்னர், க்ஷய நோய்க்கும் இதுவே கதி என்ற நம்பிக்கை ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் ஓஸ்லோ நகரம், அந்நாளில் கிறிஸ்தியானியா என்று பெயர் பூண்டிருந்த நகரம், இவ்வரலாற்றில் பிரவேசிக்கிறது. அங்கே மருந்துக்கடை நடத்திவந்தவர் பேத்தர் மோலர் (1793–1869). நோயாளி எண்ணெயை வாயில் வைக்கமாட்டாமல் உமிழ்வதற்குக் காரணம் எண்ணெய் அல்ல, அழுகலே என்பதை அவர் கண்டார். மீன் பிடிபட்ட இடத்திலேயே, ஈரல் கெடுவதற்கு முன்பே, இரட்டைச் சுவர் கொண்ட கொப்பரையில் அதை இட்டு, சுவர்களுக்கிடையே நீராவியைச் செலுத்தி, மெல்லிய சூட்டில் எண்ணெயை உருக்கி எடுக்கும் முறையை 1854இல் அவர் நிலைநாட்டினார். வெளிறிய பொன்னிறமும் அடங்கிய மணமும் உடைய அந்த எண்ணெய் நாடு கடந்து புகழ்பெற்றது. அவர் பெயர் தாங்கிய புட்டி இன்றும் நார்வேயின் கடைகளில் விற்கப்படுகிறது. வைத்தியர்களிடையே அப்போது ஒரு விவாதம் எழுந்தது: டி யோங் என்னும் டச்சு வைத்தியர், பழுப்பு எண்ணெயிலேயே குணம் மிகுதி என்று வாதாடினார், தெளிந்த எண்ணெயின் கட்சியார் அதை மறுத்தனர். குணம் எதில் இருக்கிறது என்பதை இரு கட்சியாராலும் நிரூபிக்க முடியவில்லை. மருந்தின் பயனைக் கண்ணால் கண்டு, அதன் காரணத்தை ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும் நிலை அது. மோலரின் சாதனை, காரணம் தெரியும் வரையில் காத்திராமல் பொருளைச் சுத்தப்படுத்தியதே என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டுக்கும் இந்த எண்ணெய் வந்தது. முதுகில் பெரிய மீனொன்றைச் சுமந்து நிற்கும் மனிதனின் படம் ஒட்டிய ஸ்காட்ஸ் எமல்ஷன் புட்டியை அறியாத பழைய தலைமுறைக் குடும்பம் தமிழ்நாட்டு நகரங்களிலும் இலங்கையிலும் அரிது. இரண்டாம் உலக யுத்தத்தில் நார்வே ஜெர்மானியர் வசமாகிக் கப்பல் வரத்து நின்றபோது, சென்னை மாகாண அரசின் மீன்துறை கோழிக்கோட்டில் சுறா மீனின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கியது என்பதும், அந்த எண்ணெயே மருத்துவமனைகளுக்குப் பதிலியாக உதவியது என்பதும் நம்மவர் நினைவில் வைத்திருக்கத் தக்க செய்திகள்.

காரணம் தெளியத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில். 1907இல் கிறிஸ்தியானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும், கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியத்தை ஊட்டி ஸ்கர்வி நோயை உண்டாக்கியும், முட்டைக்கோசு முதலியவற்றை ஊட்டி அதை நீக்கியும் காட்டினர். உணவில் ஏதோ ஒன்று இல்லாமற்போவதாலேயே வியாதி வரலாம் என்ற கருத்துக்கு அந்தப் பரிசோதனை உறுதியான பிடிமானம் தந்தது. முதல் உலக யுத்தத்தின் முடிவில் இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை வரவழைத்து, ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்தார். 1922இல் அமெரிக்காவின் மெக்காலம், அந்த எண்ணெயைச் சூடாக்கிக் காற்றூட்டி அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்த பிறகும் எலும்பு நோயை அது தீர்ப்பதைக் கண்டு, வேறொரு வைட்டமினும் அதில் உண்டு என்று தெளிந்தார். அதுவே வைட்டமின் டி.

ஓஸ்லோ இந்த அறிவைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுசென்றது. சுகாதாரப் பேராசிரியர் கார்ல் ஷியோட்ஸ், அதுவரை பள்ளிகளில் வழங்கிவந்த சூடான உணவுக்கு மாற்றாக, 1930களில் ஒரு காலை உணவை வகுத்தார்: முழுக்கோதுமை ரொட்டி, மார்கரின், பாலாடைக்கட்டி, பால், அரை ஆப்பிளோ ஆரஞ்சோ பச்சைக் காரட்டோ, குளிர்காலத்தில் இவற்றோடு ஒரு கரண்டி ஈரல் எண்ணெய். அடுப்பு வேண்டாத, செலவு சிறுத்த, ஏழைக் குழந்தைக்கும் செல்வர் குழந்தைக்கும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட இந்த உணவு ‘ஓஸ்லோ உணவு’ என்ற பெயரோடு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பயணம் போயிற்று. ஒரு நகரத்தின் பெயர் ஒரு குழந்தைத் தட்டுக்குப் பெயராவதை விடச் சிறந்த கீர்த்தி எதுவும் அந்நகரத்துக்கு வேண்டுமோ?

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேயில் இறங்கியது. ஐந்தாண்டுகள் வெண்ணெயும் இறைச்சியும் அருகின. மீனும் உருளைக்கிழங்கும் கிழங்குவகைகளும் தட்டை நிரப்பின. யுத்தம் முடிந்தபின் மரணக் கணக்குகளைப் புரட்டிய ஆக்சல் ஸ்ட்ரோமும் அவருடைய சகாவான யென்செனும், அந்த ஆண்டுகளில் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர் தொகை குறைந்திருந்ததையும், யுத்தம் ஓய்ந்ததும் அது மீண்டும் ஏறியதையும் கண்டு 1951இல் வெளியிட்டனர். புகையிலைத் தட்டுப்பாடும், நடந்தே திரிந்த வாழ்க்கையும் அதற்குத் துணை செய்திருக்கலாம். ஆயினும் கொழுப்பின் மீது வைத்தியர்களின் சந்தேகம் உறுதியாகப் படிந்தது அப்போதுதான்.

அந்தச் சந்தேகத்தைச் சோதிக்கப் புறப்பட்டவர் பால் லெரன். அவருடைய பரிசோதனையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் அதன் பெயரால் பின்னாளில் சொல்லப்பட்டவை பல, அதில் நடந்தவற்றை முழுமையாகச் சொல்லவில்லை. மாரடைப்பு ஒருமுறை வந்து பிழைத்த, 30 முதல் 64 வயது வரையிலான 412 ஆடவர்களை அவர் இரு சம பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியார் நார்வேயின் வழக்கமான உணவை உண்டனர். மறு பகுதியார் வெண்ணெயையும் கொழுத்த இறைச்சியையும் விலக்கி, வாரத்துக்குச் சுமார் அரை லிட்டர் சோயா எண்ணெயை உணவோடு சேர்த்துக்கொண்டனர். 5 ஆண்டுகளின் முடிவில், 1966இல் வெளியான அறிக்கையின்படி, சோயா எண்ணெய் உண்டவர்களின் இரத்தக் கொலஸ்டிரால் நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் இறங்கியிருந்தது; மற்றவர்களுக்கு இறங்கியது 4 பங்குக்கும் குறைவு. மறுபடி மாரடைப்பு கண்டவர்களும் சோயா எண்ணெய் உண்டவர்களிடையே குறைவு. 11 ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது அவர்களிடையே மாரடைப்பு மரணம் குறைந்திருந்தது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணத்தில் பெரிய வேற்றுமை இல்லை. தாவர எண்ணெயின் வெற்றி என்று உலகம் இதை எடுத்துக்கொண்டது. ஆனால் சோயா எண்ணெய்க் குழுவினருக்கு மீனை நிறைய உண்ணும்படி புத்தி சொல்லப்பட்டதும், ரொட்டியோடு தின்ன அவர்களுக்கு வழங்கப்பட்ட மத்தி மீன் தகரங்களில் இருந்தது ஈரல் எண்ணெயே என்பதும் அந்த வெற்றி முழக்கத்தில் அமிழ்ந்துபோயின. கிறிஸ்தியானியாவின் பழைய எண்ணெய், பேர் சொல்லப்படாமல், அந்தப் பரிசோதனைக்குள்ளும் இருந்தது. 2010இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிறிஸ்டஃபர் ராம்ஸ்டனும் அவருடைய சகாக்களும் இத்தகைய பழைய பரிசோதனைகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, தாவர எண்ணெய்களில் மிகும் ஒமேகா-6 கொழுப்பு மட்டும் கொடுத்தவை வேறு, மீன் எண்ணெயில் மிகும் ஒமேகா-3 கொழுப்பும் கலந்து கொடுத்தவை வேறு என்று வகுத்து, ஓஸ்லோவினுடையதை இரண்டாவது வகையில் வைத்தனர். நன்மை அந்த இரண்டாவது வகையிலேயே தென்பட்டது.

கலந்தால் ஒரு விளைவும் தனித்தால் வேறொரு விளைவும் ஏன் உண்டாக வேண்டும்? இதற்கு விடை தேடும் வழிகளுள் ஒன்று, எதிர்பாராத திசையில், ஒரு செடியிலிருந்து புறப்பட்டது. 834ஆம் ஆண்டில் இரு பெண்களோடு மண்ணில் புதைக்கப்பட்டு, 1904இல் பேராசிரியர் குஸ்தாஃப்சனால் அகழ்ந்தெடுக்கப்பட்டு, ஓஸ்லோவின் பிக்டோய்த் தீபகற்பத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓசபெர்க் கப்பலில், வேறு பல பொருள்களோடு கஞ்சாச் செடியின் வித்துகளும் கிடைத்தன. நார்வேயில் அச்செடி நாருக்காகவும் கயிற்றுக்காகவும் பயிரிடப்பட்டதே. அதன் மயக்கும் சத்தோ நம் பாரத தேசத்தில் தொன்றுதொட்டு அறியப்பட்டது. அந்தச் சத்தை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெசூலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்து அதன் உருவத்தை அறிந்தனர். 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டிவேனும், அந்தச் சத்து வந்து பொருந்தும் ஏற்பி ஒன்று மூளையில் இருப்பதைக் காட்டினர். செடியின் சத்துக்காகவா உடல் இப்படி ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கும்? உடலே ஆக்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று தேடியதன் பயனாக, 1992இல் பன்றியின் மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருள் கிடைத்தது; மெசூலத்தின் குழு அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டது. 1995இல் 2-ஏஜி என்று சுருக்கி வழங்கும் இரண்டாவது பொருள் கண்டறியப்பட்டது. இவ்விரண்டையும் இவற்றின் இனத்தையுமே எண்டோகன்னாபினாய்டுகள் என்கிறோம்.

இவை இரண்டுக்கும் மூலப்பொருள் அராக்கிடோனிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பு. அது உயிரணுக்களின் சவ்வில் பதிந்து கிடக்கிறது. தேவை நேர்ந்த கணத்தில் அச்சவ்விலிருந்தே இத்தூதுப் பொருள்கள் ஆக்கப்பட்டு, வேலை முடிந்ததும் நொதிகளால் சிதைக்கப்படுகின்றன. சோயா எண்ணெயில் பாதிக்கு மேல் உள்ள லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் அராக்கிடோனிக் அமிலத்தை ஆக்கிக்கொள்ள வல்லது. மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்புகளோ அதே சவ்வில் இடம் பிடித்து அராக்கிடோனிக் அமிலத்தை ஒதுக்குகின்றன. ஆகவே, தட்டில் விழும் எண்ணெய் எதுவென்பது, உடல் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் செய்தியின் அளவைத் தொடக்கூடும். பசியும், கொழுப்புச் சேமிப்பும், நோவும், மனக்கலக்கமும் அந்தச் செய்திகளோடு சம்பந்தமுடையவை.

மூளைக்குள் இருப்பதை அளக்க முடியாத வைத்தியன் இரத்தத்தில் உலவுவதை அளக்கிறான். அளவோ மிகச் சிறிது. குழாயில் எடுத்த இரத்தத்தை உடனே குளிரவைத்துப் பிரிக்காவிட்டால் இரத்த அணுக்களே அளவை மாற்றிவிடும். இந்த எச்சரிக்கையோடு கண்டறியப்பட்டவை சில. வயிற்றினுள் கொழுப்பு மிகுந்தவர்களின் இரத்தத்தில் 2-ஏஜி உயர்ந்திருக்கிறது. மிதமான வேகத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியவர்களுக்கு ஆனந்தமைடு உயர்ந்ததை 2003இல் கண்டனர். உறங்கும் இரவில் 2-ஏஜி தாழ்ந்து, பிற்பகலில் உச்சம் தொடுகிறது. உறக்கம் குறைந்தால் அந்த உச்சம் மேலும் ஏறுகிறது. உணவை வெறுத்து மெலியும் அனரெக்சியா நோயாளிகளிடமும் ஆனந்தமைடு மிகுந்து காணப்பட்டது. எனவே, மிகுதி என்றாலே பருமன் என்று ஒரு சூத்திரம் எழுதிவிட இயலாது. ஏற்பியை அடைத்துவிட்டால் பருமன் குறையும் என்று எண்ணி ஆக்கிய ரிமோனபான்ட் என்னும் மருந்துக்கு 2006இல் ஐரோப்பா அனுமதி தந்தது. உடல் இளைத்தது உண்மை, ஆனால் அதை உண்டவர்களில் பலர் மனச்சோர்விலும் சிலர் தற்கொலை எண்ணத்திலும் விழுந்ததால் 2008இலேயே அது திரும்பப் பெறப்பட்டது. உடலின் பல அறைகளுக்கும் பொதுவான ஒரு வாயிலை முழுதாக அடைப்பது எத்தகைய அபாயம் என்பதற்கு அந்த இரண்டாண்டுகள் சாட்சி.

வாயிலை அடைக்காமல், வந்துசேரும் சரக்கை மாற்றினால் என்ன என்று கேட்டவர்கள் நார்வேக்காரர்களே. பெர்கன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்வ்ஹைமும் சகாக்களும் சுண்டெலிகளின் உணவில் லினோலெயிக் அமிலத்தை மொத்தச் சக்தியில் நூற்றுக்கு 1 பங்கிலிருந்து 8 பங்காக உயர்த்தியபோது, ஆனந்தமைடும் 2-ஏஜியும் உயர்ந்து எலிகள் பருத்தன. மீன் எண்ணெயின் கொழுப்புகளை 1 பங்கு சேர்த்ததும் அந்த ஏற்றம் தணிந்தது. 2012இல் இது வெளியாயிற்று. மறு ஆண்டு அவர்கள் இன்னும் ஒரு படி சென்று, சோயா எண்ணெய் கலந்த தீவனத்தால் வளர்த்த சால்மன் மீனை எலிகளுக்கு ஊட்டினர். மீனிலும் எலியிலும் அதே உயர்வு. பண்ணைச் சால்மனை உலகுக்கெல்லாம் விற்கும் ஒரு நாட்டின் ஆராய்ச்சியாளர்கள், தம் நாட்டுச் சரக்கையே இவ்வாறு சோதித்து உள்ளதை உள்ளபடி அச்சிட்டது போற்றத்தக்க நேர்மை. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று யாரும் கொள்ளலாகாது. லினோலெயிக் அமிலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மனித இரத்தத்து அராக்கிடோனிக் அமிலம் பெரிதும் அசைவதில்லை என்று காட்டிய ஆய்வுகளும் உள்ளன. மாறாக, அண்டார்டிகக் கடலின் கிரில் என்னும் சிற்றுயிரின் எண்ணெயை நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் 4 வாரம் உண்ட பருத்த மனிதர்களின் இரத்தத்தில் 2-ஏஜி குறைந்தது என்று 2011இல் ஓர் அறிக்கை வந்தது. அந்த எண்ணெயை ஆக்கும் நிறுவனமும் ஓஸ்லோவை ஒட்டிய லீசாக்கரைத் தலைமையிடமாகக் கொண்டதே. குழு சிறியது, காலம் குறுகியது. ஆனால் பாதை திறந்திருக்கிறது.

இதில் தமிழருக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நார்வே சென்ற அந்தோனி ராஜேந்திரம், அந்நாட்டார் உதவியோடு பின்னர் குருநகரில் வலைத் தொழிற்சாலை கண்ட சீநோர் நிறுவனத்தை எழுப்பினார். 1980களில் யுத்தத்தால் துரத்தப்பட்டுச் சென்ற ஈழத் தமிழர் பலர், வடகோடிப் ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் இதே காட் மீனை வெட்டிப் பிழைத்து, பிறகு ஓஸ்லோவில் குடியேறினர். 2002ஆம் ஆண்டளவில் அந்நகரத்தில் குடியேறிய ஐந்து நாட்டு மக்களை அளந்து பார்த்தபோது, பிறரோடு ஒத்த உடல் நிறையிலும் இலங்கையரும் பாகிஸ்தானியரும் இடுப்பளவோடு ஒப்பிடுகையில் வயிற்றளவு மிகுந்தவர்களாய் இருந்தனர். நீரிழிவும் இவர்களிடையே மிகுதி. இரத்தத்து 2-ஏஜியின் ஏற்றம் உடலின் மொத்த நிறையைக் காட்டிலும் வயிற்றினுள் கொழுப்போடேயே நெருங்கி நிற்பதால், இந்த இரத்தப் பரிசோதனை ஓஸ்லோவில் இனி இம்மக்களிடம் நடக்க வேண்டியது அவசியம். அதுவும் லெரனைப் போல் ஐந்தாண்டுப் பொறுமையோடு, அவர்கள் சமையலறையிலுள்ள நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஒவ்வொன்றையும், குழந்தைக்குக் கொடுக்கும் ஈரல் எண்ணெயையும், அலமாரியிலுள்ள மத்தி மீன் தகரத்தையும் விடாமல் கணக்கில் எழுதி நடக்க வேண்டும்.